வேஷம் வேறு, வேலை வேறு, மனசு வேறு

(மலையகத்திலிருந்து வந்திருந்த தோட்டக் குடும்பங்களுக்கு நாவற்குடாவில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து எங்கட வாவிக்கரைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். மாசி மாதத்தில் காமன் கம்பு நட்டுக் கூத்து ஆடுவீர்கள். அதில ரதி யார்? பரம்பரையாக ஒரு ஆம்பிளைப் பிள்ளைதானே! சேலை கட்டி, வளையல் போட்டு வருகிற அந்தப் பிள்ளையைக் கும்பிடுகிறோம். இங்கே மட்டக்களப்பிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண் வேஷங்களை ஆண்களே ஆடி வந்தார்கள். விடியக் கூத்து முடிய, திரௌபதை வேஷம் கலைத்துவிட்டு வயலுக்குப் போவார். அவரை யாரும் பெண் என்று சொன்னதில்லை.

அப்படியென்றால் என்ன விளங்குது? உடுப்பு, நடை, பேச்சு ஒன்று. ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ மனசுக்குள் உணர்வது இன்னொன்று. முதலாவதைப் பால்நிலை வெளிப்பாடு என்றும் இரண்டாவதைப் பால்நிலை அடையாளம் என்றும் சொல்வார்கள்.

மூன்றாவது, சமூகம் பிரித்துக் கொடுத்த வேலை. கொழுந்து எடுப்பது பொம்பளை வேலை, கவ்வாத்து வெட்டுவது ஆம்பிளை வேலை என்கிறோம். 1984 இல் சமமாக்கும் வரை, தோட்டத்தில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. சம்பளம் சமமான பிறகும், மலையால இறங்கி வந்ததும் அடுப்பும் தண்ணியும் பிள்ளையும் அம்மாவின் தலையில்தான். எங்கட பக்கத்தில் குடி தாய்வழியாக வரும்; வீட்டை மகளுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். உங்கட பக்கத்தில் பெரும்பாலும் பெண்தான் புருஷன் வீட்டு லயத்துக்குப் போகிறாள். ஊருக்கு ஊர் மாறுகிற முறை, மனிதர் உண்டாக்கிய முறைதானே? மனிதர் உண்டாக்கியதை மனிதர் மாற்றவும் ஏலும்.

இதை ஏன் சொல்கிறேன்? லயத்தில் ஒரு பையன் நளினமாக நடந்தால், பொம்பளைப் பிள்ளைகளோடு விளையாடினால், உடனே பட்டப்பெயர். பிறகு அப்பாவின் அடி. அதற்கும் பிறகு பூசாரியின் வேப்பிலை. கடைசியில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு, ஊரையும் விட்டுப் போகுது. ரதியைக் கும்பிட்ட கையாலே பெற்ற பிள்ளையை அடிக்கலாமா?

அப்படி நடக்கிற பையன் ஒரு சாதாரண ஆணாகவே வளரலாம். அவன் சுபாவம் அப்படி, அவ்வளவுதான். சிலர் மனசால் பெண்ணாகவே இருப்பார்கள், திருநங்கை என்கிறோம். பெண்ணாகப் பிறந்ததாகப் பதியப்பட்டு, ஆணாக உணர்கிறவர் திருநம்பி. எது என்று உடுப்பையும் நடையையும் பார்த்து நாங்கள் தீர்மானிக்க ஏலாது. அந்தப் பிள்ளை சொல்ல வேணும். நாங்கள் கேட்க வேணும்.

இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. எங்கட நாட்டில் 2016 இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி மனநல வைத்திய நிபுணரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழைத் திருத்த வழி பிறந்தது.

மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர். தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் படித்தார். 2019 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. ஆதரித்த ஒரு குரு கிடைத்ததால் அவர் தப்பினார். எங்கட பிள்ளைகளுக்கு அந்த ஆதரவு பெற்ற வீட்டிலேயே கிடைக்க வேணும்.

போகும்போது மூன்று காரியம் கொண்டு போங்கள். பட்டப்பெயர் சொல்லுகிற வாயை வீட்டிலேயே அடக்குங்கள். என்ன நடந்தாலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். மகனுக்கு அடுப்படி வேலையும், மகளுக்குக் கூட்டத்தில் எழுந்து பேசவும் பழக்குங்கள். இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.