நாடு கிடைத்த இரவு

 

இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கைகுலுக்கும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். "இது பெரிய இடத்து விஷயம். நமக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டியும் இருப்பீர்கள்.

ஒரு நாடு மற்ற நாடுகளோடு வைத்துக்கொள்ளும் உறவுக்கு வெளியுறவு என்று பெயர். அந்த உறவில் ஒரு வேலை முடியாமல் கிடந்தால் ஏழை வீட்டில் என்ன நடக்கும்? உண்மையாக நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

மேற்கு வங்காள மாநிலத்தின் வடக்கே கூச்பிகார் மாவட்டம் இருக்கிறது. அதை ஒட்டி வங்காளதேச நாட்டின் எல்லை ஓடுகிறது.

முன் காலத்தில் கூச்பிகாரை ஒரு ராஜா ஆண்டார். பக்கத்தில் ரங்பூர் இருந்தது. அது மொகலாயர் கையிலும், பிறகு வெள்ளைக்காரர் கையிலும் இருந்தது. ராஜாவின் ஊர்கள் சில ரங்பூருக்கு உள்ளே இருந்தன. ரங்பூரின் ஊர்கள் சில ராஜாவின் நிலத்துக்கு உள்ளே இருந்தன. சதுரங்கம் ஆடி ஊர்களைப் பணயம் வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது வெறும் கதை. பழைய சண்டைகளும் சமாதானங்களும் விட்டுப்போன மிச்சம் அது.

1947-ல் நாடு பிரிந்தது. ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போனது. 1949-ல் கூச்பிகார் இந்தியாவோடு சேர்ந்தது. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தான் வங்காளதேசம் என்ற தனி நாடானது. ஆனால் அந்தத் துண்டு ஊர்கள் அப்படியே கிடந்தன. 111 இந்திய ஊர்கள் வங்காளதேசத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டன. 51 வங்காளதேச ஊர்கள் இந்தியாவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டன. இவற்றை அங்கே சிட்மகால் என்பார்கள்.

உங்கள் வயல் ஊர் நடுவே இருக்கிறது. சுற்றிலும் அடுத்தவர் வயல். வரப்பில் நடக்க வழி விடமாட்டார்கள். அப்போது எப்படி இருக்கும்? சிட்மகால் மக்களின் நிலை அதைவிட மோசம்.

அவர்களுக்கு ரேஷன் கார்டு இல்லை. ஓட்டு இல்லை. மின்சாரம் இல்லை. ஊரில் திருடு நடந்தால் போலீஸ் வராது. தங்கள் நாட்டுப் போலீஸ் வர வேண்டுமானால் அடுத்த நாட்டைத் தாண்டி வரவேண்டும். சுற்றியிருக்கும் நாட்டுப் போலீஸோ, "இது எங்கள் ஊர் இல்லை" என்று சொல்லிவிடும்.

1952-ல் எல்லையைத் தாண்ட பாஸ்போர்ட் வேண்டும் என்று சட்டம் வந்தது. பாஸ்போர்ட் வாங்க வேண்டுமானால் சொந்த நாட்டு அலுவலகத்துக்குப் போகவேண்டும். அங்கே போக எல்லையைத் தாண்ட வேண்டும். எல்லையைத் தாண்டப் பாஸ்போர்ட் வேண்டும்! மக்கள் என்ன செய்வார்கள்?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பக்கத்து ஊர்க்காரரின் பெயரைத் தகப்பன் பெயராக எழுதினார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள் வேறு ஒருவர் பெயரைக் கணவர் பெயராகச் சொன்னார்கள். பெற்ற தகப்பன் இருந்தும் பிள்ளையின் சான்றிதழில் அவன் பெயர் இல்லை. இதைவிட வேதனை உண்டா?

இதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். 1974 மே 16-ல் அன்றைய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும், வங்காளதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரகுமானும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எந்த நாட்டுக்கு உள்ளே ஊர் இருக்கிறதோ, அந்த நாட்டுக்கே அது சொந்தம். இதுதான் பேச்சு. வங்காளதேசப் பாராளுமன்றம் அதே ஆண்டில் ஒப்புதல் தந்தது. இந்தியாவில் 41 ஆண்டுகள் ஆயின.

ஏன் இவ்வளவு தாமதம்? நம் நாட்டு மண்ணை அடுத்த நாட்டுக்குக் கொடுக்கப் பிரதமரின் கையெழுத்து மட்டும் போதாது. அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அரசியல் சட்டம் என்பது நாட்டை நடத்தும் தலையாய சட்டம். அதைத் திருத்தப் பாராளுமன்றத்தில் பெரும் ஆதரவு வேண்டும்.

எதிர்ப்பும் இருந்தது. இந்தியா சுமார் 17,160 ஏக்கர் கொடுக்க வேண்டும். கிடைப்பதோ சுமார் 7,110 ஏக்கர். "நம் மண்ணை விட்டுக்கொடுப்பதா?" என்று அசாமிலும் மேற்கு வங்காளத்திலும் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. நிலம் என்றால் யாருக்கும் உயிர்தான். ஆனால் அந்த நிலத்துக்கு இந்திய அதிகாரி ஒருவர்கூட எளிதாகப் போக முடியாது. பெயர் மட்டும் நம்முடையது. அங்கே வாழ்ந்த மக்களுக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை.

2011-ல் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 51,549 பேர். 2015 மே மாதம் அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளிலும் நிறைவேறியது. ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை.

ஜூலை மாதம் அதிகாரிகள் மறுபடியும் வந்தார்கள். "உங்களுக்கு எந்த நாடு வேண்டும்?" என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டார்கள். பிறந்த மண்ணில் இருந்தால் நாடு மாறும். நாடு மாறாமல் இருக்க வேண்டுமானால் மண்ணை விட்டுப் போகவேண்டும். வயலையும், முன்னோரைப் புதைத்த இடத்தையும், பக்கத்து வீட்டாரையும் விடவேண்டும். லேசான காரியமா?

இந்தியாவுக்கு உள்ளே இருந்த வங்காளதேச ஊர்களில் சுமார் 14,000 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடப் போகவில்லை. எல்லோரும் இந்தியர் ஆனார்கள். அந்தப் பக்கம் இருந்த இந்திய ஊர்களில் சுமார் 37,000 பேர். அவர்களில் ஆயிரம் பேருக்கும் குறைவானவர்களே இந்தியாவுக்கு வந்தார்கள். மற்றவர்கள் அங்கேயே இருந்து வங்காளதேசத்தவர் ஆனார்கள்.

2015 ஜூலை 31, நள்ளிரவு. 162 ஊர்களும் கைமாறின. 1947-லிருந்து கணக்குப் போட்டால் 68 ஆண்டுகள். அதனால் மக்கள் 68 மெழுகுவர்த்திகள் ஏற்றினார்கள். கூச்பிகாரில் உள்ள மசால்டாங்கா போன்ற ஊர்களில் மூவர்ணக் கொடி ஏறியது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அந்த மக்கள் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் தள்ளாத வயதுக் கிழவர்களும் இருந்தார்கள்.

அதோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. எல்லை தாண்டி வந்தவர்கள் தகரக் கொட்டகை முகாம்களில் சில ஆண்டுகள் இருந்தார்கள். நிலத்துக்குப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழில் சரியான பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தார்கள். நாடு கிடைப்பது ஒரு நாளில் நடந்தது. உரிமை கைக்கு வந்துசேர நாளாகிறது.

நண்பர்களே! டில்லியில் போட்ட ஒரு கையெழுத்து, கூச்பிகாரில் ஒரு குழந்தையின் தகப்பன் பெயரைத் தீர்மானித்தது. அந்தக் கையெழுத்து சட்டமாக மாற 41 ஆண்டுகள் ஆனது. காத்திருந்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்ல. உழுதவர்களும் கூலி வேலை செய்தவர்களும்தான்.

இனிமேல் செய்தித்தாளில் 'ஒப்பந்தம்' என்ற சொல் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். "இது யாருக்காக? எப்போது நடக்கும்?" என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமைக்காகத்தான் அந்த மக்கள் 68 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

இப்போது நீங்கள் பேசுங்கள். உங்களை அந்த அதிகாரிகள் கேட்டிருந்தால், மண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பீர்களா, நாட்டைத் தேர்ந்தெடுத்திருப்பீர்களா?