அணைத்த பெட்டியும் ஆபத்துதான்

  

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மரத்தைச் சீவிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறோம். அதனால் பால் உடனே நின்றுவிடுகிறதா? இல்லை. கத்தி போன பிறகும் மணிக்கணக்கில் மங்கில் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நம் வீட்டு டெலிவிஷன் பெட்டியும் அப்படித்தான். சுவிட்சை அணைத்துவிட்டோம், படம் போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அணைத்தது வேறு, ஆபத்து நீங்கியது வேறு. இந்த ஒரு செய்தியைத்தான் இன்று விளக்கிச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1969 நவம்பரில் இரண்டாவது அலைவரிசை வந்தது. 1978 டிசம்பரில் வண்ணப் படம் வந்தது. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே இயந்திர மின்சாரம் கிடைத்தது. மின்சாரமே இல்லாத லயங்களில் கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டினார்கள். பேட்டரி 12 வோல்ட்தானே, அது 'ஷாக்' அடிக்காது என்று பலர் மூடியைத் திறந்து கைவிடுவார்கள். அந்தத் தைரியம் சில குடும்பங்களில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது தவறான தைரியம். ஏன் என்று பார்ப்போம்.

பழைய பெட்டிக்குள் பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதைப் படக்குழாய் என்கிறோம். அதன் பின்பக்கத்திலிருந்து எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் பாய்ந்து வந்து திரையில் மோதும்போதுதான் படம் ஒளிர்கிறது. அவற்றை அவ்வளவு வேகமாக இழுக்க மிக உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். நம் சுவர்ச் சுவிட்சில் வருவது 230 முதல் 240 வோல்ட். வண்ணப் பெட்டியின் படக்குழாய்க்குப் போவதோ 20,000 முதல் 25,000 வோல்ட்! பேட்டரியில் ஓடிய சிறிய பெட்டியும் அந்த 12 வோல்ட்டை உள்ளே பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திக்கொண்டுதான் படம் காட்டியது. வெளியே இருப்பது சாதுவான பசு. உள்ளே இருப்பது புலி.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டால் புலி போய்விடுமா? போகாது. படக்குழாயின் கண்ணாடியே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாத்திரம்போல் அமைந்திருக்கிறது. குழாயை மூடினாலும் தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கி நிற்கலாம். மேலும் அந்தக் குழாய்க்குள் காற்றே இல்லை. அதனால் வெளிக்காற்று எப்போதும் அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. 20 அங்குலப் பெட்டி என்றால் முகப்புக் கண்ணாடியின் மீது மட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட அழுத்தம். அதன் மெல்லிய கழுத்தில் அடிபட்டால் கண்ணாடி சிதறக்கூடும். லயத்துக்குப் பின்னால் வீசிய பழைய பெட்டியைச் செம்புக் கம்பிக்காகப் பிள்ளைகள் கல்லால் உடைப்பது இதனால்தான் ஆபத்து. அந்தக் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கிறது. பழைய பெட்டியை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

"எங்கள் வீட்டில் தட்டையான புதிய டெலிவிஷன்தானே இருக்கிறது" என்று சிலர் கேட்கலாம். அதில் படக்குழாய் இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் மின்வழங்கிப் பலகையில் உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கிறது. அணைத்த பிறகும் அது சிறிது நேரம் தங்கலாம்; பழுதான பலகையில் நெடுநேரம் தங்கலாம். ஓர் ஆளைக் கொல்ல அது போதும்.

ஆகவே தாய்மார்களே, பெட்டியின் பின்மூடியில் இருக்கும் திருகாணியை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே இருப்பது நம் வேலை. உள்ளே இருப்பது பயிற்சி பெற்றவருடைய வேலை. படம் வராவிட்டால் பிளக், சுவிட்ச், ஏரியல் கம்பி, டிஜிட்டல் பெட்டியின் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். தூசு துடைப்பதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த துணியால் வெளியே மட்டும் துடைக்கலாம். காற்றுத் துவாரத்தில் எறும்போ பல்லியோ புகுந்தால் கம்பியையோ கத்தியையோ விட்டுக் குடைய வேண்டாம்.

இனி, பெட்டியைப் பொருத்தும் முறையைக் கவனிப்போம்.

முதலில் பிளக். இரண்டு முள் பிளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளையில் பேனாவையோ சாவியையோ குத்தித் திறக்கும் பழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. பெரியவர் செய்வதைப் பார்த்த குழந்தை நாளை ஆணியைக் கொண்டுவந்து குத்தும். அந்தத் துளையின் கதவு குழந்தைகளைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது. சிரிம் முத்திரையுள்ள மூன்று முள் பிளக்கையே வாங்குங்கள். அடுத்தது பியூஸ். 100 வாட் டெலிவிஷன் அரை ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தையே இழுக்கிறது. ஆகவே தயாரிப்பாளர் சொன்னபடி 3 அல்லது 5 ஆம்பியர் பியூஸே போதும். பியூஸ் போய்விட்டது என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றினால் என்ன நடக்கும்? கோளாறு வரும்போது பியூஸ் உருகுவதற்குப் பதிலாகக் கம்பி எரியும். பலகைச் சுவர் வீட்டில் கம்பி எரிந்தால் அடுத்து எரிவது வீடு.

பிறகு வைக்கும் இடம். பெட்டியின் மேல் பூப்போட்ட துணி விரிப்பது, அதன் மேல் பூச்சாடி வைப்பது, சாமி படம் வைத்து விளக்கேற்றுவது நம் வீடுகளில் சாதாரணம். துணி காற்றுத் துவாரத்தை அடைத்துச் சூட்டை ஏற்றும். பூச்சாடித் தண்ணீர் உள்ளே இறங்கும். விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சாமிக்குத் தனி இடம் கொடுப்போம். இழுப்பறை உள்ள அலமாரியின் மேல் டெலிவிஷனை வைத்தால், குழந்தை இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும். பெட்டி அதன் மேல் சாயும். தாழ்ந்த, அகலமான மேசையே நல்லது. சுவரில் மாட்டுவதானால் பலகையில் மட்டும் ஆணி அடிக்காமல், பின்னால் உள்ள சட்டத்தில் திருகாணி இறங்கும்படி பொருத்த வேண்டும்.

அடுத்தது ஏரியல். கூலாய்க்கு அருகே குனோங் பூலாய், வடக்கே தங்காக் பக்கம் குனோங் லேடாங், அக்கரையில் சிங்கப்பூர் என்று பல திசைகளிலிருந்து வரும் அலைகளைப் பிடிக்க, ஜொகூரில் ஒரு காலத்தில் உயர உயரமாக இரும்புக் குழாய்களை நட்டோம். 2019 அக்டோபருக்குள் நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு டிஜிட்டல் ஒளிபரப்பு வந்துவிட்டது. அதற்குச் சிறிய ஏரியலே பல இடங்களில் போதும். ஆனால் பழைய குழாய்கள் இன்னும் சில கூரைகளில் துருப்பிடித்து நிற்கின்றன. பலத்த காற்றில் அது மின்கம்பியின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? லயத்து வீடுகளுக்கு ஒரே நீளமான தகரக் கூரை அல்லவா! ஒரு வீட்டுக் குழாய் மின்கம்பியைத் தொட்டால் அத்தனை வீட்டுக் கூரையிலும் மின்சாரம் பாயக்கூடும். நடுவதானாலும் கழற்றுவதானாலும் குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியை எட்டாத இடமாக இருக்க வேண்டும். ஈரமான நாளில் கூரை ஏறக் கூடாது. இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. உலகிலேயே இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் நம் நாடும் ஒன்று. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிவிடும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கழற்றப் போகாதீர்கள். அப்போது பெட்டி போனால் போகட்டும்; ஆள் முக்கியம்.

நல்ல பழுது பார்ப்பவரை எப்படி அறிவது? மூடியைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்குவார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைப்பார். தேங்கிய மின்சாரத்தை அதற்குரிய கருவியால் வெளியேற்றி, மீட்டரால் சோதித்த பிறகே கைவைப்பார். பியூஸ் மாற்றினால் அதே அளவுள்ளதைப் போடுவார். எல்லாத் திருகாணிகளையும் முடுக்கி மூடிய பிறகே பணம் கேட்பார். இரண்டு திருகாணியை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவர் மலிவாகச் செய்தாலும் நமக்கு வேண்டாம். வீட்டு வயரிங் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனையே அழையுங்கள்.

எல்லாவற்றையும் மீறி ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால் ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். பிள்ளையைப் பிடித்த தாயும் சேர்ந்து போவது இப்படித்தான். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த இடத்தில் நின்று, காய்ந்த கட்டையால் அவரை விலக்குங்கள். உடனே 999க்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, பெரியவராயின் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை அழுத்துங்கள். ஆனால் தெருவில் போகும் மின்கம்பி சம்பந்தப்பட்டிருந்தால் கட்டையைக் கொண்டும் நெருங்கக் கூடாது. தள்ளி நின்று, 999க்கும் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நான் ஓர் ஆசிரியன். வானொலியையும் டெலிவிஷனையும் கழற்றிப் பார்க்கத் துடிக்கும் பையன்கள் வகுப்புக்கு இருவராவது இருக்கிறார்கள். பெற்றோர்களே, அந்தப் பையனை அடிக்காதீர்கள். அவனிடம் இருப்பது நல்ல ஆர்வம். அதே நேரத்தில் "என் மகன் எதையும் ரிப்பேர் செய்வான்" என்று பெருமை பேசி, பக்கத்து வீட்டுப் பெட்டியைத் திறக்கவும் விடாதீர்கள். பள்ளி முடிந்ததும் தொழிற்கல்லூரியிலோ, கியாட்மாராவிலோ, தொழிற்பயிற்சிக் கழகத்திலோ சேர்த்துவிடுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று வந்தால் அந்த ஆர்வமே அவனுக்குச் சோறு போடும். பயிற்சியில்லாத அதே ஆர்வம் அவன் உயிரையே கேட்கும்.

தோட்டத்தில் இருந்தாலும் தாமான் வீட்டுக்குக் குடிபோயிருந்தாலும் இந்த நான்கையும் மறவாதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள். பியூஸுக்குப் பதில் வேறெதையும் வைக்காதீர்கள். ஏரியலை மின்கம்பி அருகில் நடாதீர்கள். வானம் கறுத்ததும் பிளக்கையும் ஏரியலையும் கழற்றுங்கள். இன்றிரவு படம் பார்த்து முடித்ததும், வீட்டுப் பிள்ளைகளை அருகில் அழைத்து இவற்றை ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.