சிறுதேர்



பிள்ளைத்தமிழில் ஆண்பாற் குழந்தைக்குரிய பத்தாம் பருவம் சிறுதேர். பட்டினப்பாலையோ, குதிரையின்றிச் சிறார் உருட்டிய மூன்றுருளைத் தேரைக் காட்டுகின்றது. எமக்கு வாய்த்தது ஈருருளை நுங்கு வண்டியே. காசு வேண்டாத தேர்!

சித்திரை பிறந்தால், நுங்கு குடைந்தெடுத்த காய்கள் இரண்டைத் தேர்ந்து, குச்சியொன்றை அச்சாகச் செருகி, நீண்ட கவைக்கோலை அவ்வச்சின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவோம். காய்கள் ஒத்த பருமனாயிருத்தல் வேண்டும். ஒன்று சிறுத்திருப்பின் வண்டி அப்பக்கமே திரும்பும். நாட்பட்டுக் காய் வற்றினால் அச்சும் ஆடும்.

எம்மினும் ஈராண்டு மூத்த அண்டைவீட்டு அண்ணன் காய் தேர்வதில் வல்லவர். பந்தயத்திற்கு முந்திய இரவில், அவர் திண்ணையிற் கிடந்த வண்டியிற் காயொன்றைக் கழற்றி, சற்றே சிறியதைச் செருகிவிட்டோம். மறுநாள் அது வாய்க்காலுட் பாய்ந்தது. வென்ற எம்மைத் தோளிற் சுமந்து தெருச் சுற்றியவரும் அவரே! “காய் பார்ப்பதில் நான் தவறிவிட்டேனடா” என்றார். அதன்பின் அவர் வண்டி கட்டவேயில்லை.

ஆண்டுகள் முப்பத்தைந்து கழிந்தன. அவ்வண்ணன் இதோ முன்வரிசையில் அமர்ந்து எம்மையே நோக்குகின்றார்.

அண்ணா, அக்காயை மாற்றினவர் யாமே.