பரியை நரியாக்கும் வித்தை



நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை நாம் எல்லோரும் அறிவோம். குதிரை வாங்கக் கொண்டுபோன பாண்டியனின் பொருளை மணிவாசகர் கோயிற் பணிக்குச் செலவிட்டுவிட, இறைவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். இரவானதும் அவை பழையபடி நரிகளாகி ஊளையிட்டன. நான் இன்று சொல்லப்போவது இதற்கு மறுதலையான வித்தை. நல்லதொரு குதிரையை மாதக்கணக்காக உலகத்தின் கண்ணுக்கு நரியாகக் காட்டிவிட்டு, குறித்த ஒரு பிற்பகலில் மட்டும் குதிரையாக்குவது. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இதில் கைதேர்ந்த பயிற்றுநர்களும் உரிமையாளர்களும் இருந்திருக்கிறார்கள். நமக்கும் இதில் சம்பந்தம் இல்லாமல் இல்லை. அந்நாட்டுக் குதிரைகளின் பெயரில் நம்மூர்ப் 'புக்கி'க் கடைகளில் எத்தனையோ பேருடைய நாட்சம்பளம் போயிருக்கிறது.

வித்தையின் வேர் 'ஹன்டிகப்' என்னும் முறையில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அச்சொல் ஒரு பண்டமாற்று விளையாட்டைக் குறித்தது. இருவர் தம் பொருள்களை மாற்றிக்கொள்ள முன்வருவர். எந்தப் பொருள் மதிப்பிற் குறைந்தது, அதனோடு எவ்வளவு பணம் சேர்த்துக் கொடுத்தால் மாற்று நியாயமாகும் என்று நடுவர் ஒருவர் சொல்லுவார். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டெடுத்துத் தம் முடிவைக் காட்டுவர். 'தொப்பிக்குள் கை' என்பதுதான் பின்னர் குதிரைப் பந்தயத்துக்கு வந்து சேர்ந்தது. வல்ல குதிரைக்குக் கூடிய பாரம், மெலிந்த குதிரைக்குக் குறைந்த பாரம். குறைகிற பாரத்தை ஈயத் தகடுகளால் ஈடு செய்வார்கள். தடை தாண்டும் பந்தயத்தில் ஓர் இறாத்தல் ஏறத்தாழ ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது கணக்கு. இங்கிலாந்தில் இந்தப் பணியை 1855இல் ஏற்று அதற்கொரு மரியாதையைத் தேடித்தந்தவர் அட்மிரல் ரௌஸ். சுக்கான் உடைந்த கப்பலை அத்திலாந்திக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்த மாலுமி அவர். குதிரைக்காரர்களைச் சமாளிக்க அப்படிப்பட்ட ஒருவர்தான் வேண்டியிருந்தது போலும்!

எண்ணம் உயர்ந்தது. ஏழைக் குதிரைக்கும் வெல்ல ஒரு வாய்ப்பு. ஆனால் பாரம் வகுப்பவர் எதைக் கொண்டு வகுக்கிறார்? குதிரை ஓடிக் காட்டியதைக் கொண்டு மட்டுமே. ஓடாமல் ஒளித்ததை அவர் எந்தத் தராசில் நிறுப்பார்? வென்றால் பாரம் ஏறும், தோற்றால் இறங்கும் என்றொரு விதி இருக்குமானால், தோல்வியும் ஒரு சேமிப்புத்தானே.

சேமிக்கும் வழிகள் பல. நெடுந்தூரம் ஓடக்கூடிய குதிரையைக் குறுந்தூரத்தில் ஓட்டலாம். காய்ந்த தரையை விரும்பும் குதிரையைச் சேற்றில் இறக்கலாம். பயிற்சி முற்றுப்பெறாத உடம்போடு அனுப்பலாம். குதிரை தன்னால் இயன்றவரை ஓடவேண்டும் என்பது பந்தயச் சட்டம். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தவன் அகப்பட்டால் தண்டனை உண்டு. ஆனால் பொருந்தாத தூரத்தில் உண்மையாகவே முயன்று தோற்ற குதிரையை எந்தச் சட்டம் பிடிக்கும்? களவுக்கும் சாமர்த்தியத்துக்கும் இடையிலான கோடு அவ்விடத்தில் மிக மெல்லியது.

இனி 1975ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதிக்கு வருவோம். அயர்லாந்தில் பெலூஸ்ரவுண் என்ற சிற்றூர்ப் பந்தய மைதானம். பார்னி கேர்லி என்பவருக்குச் சொந்தமான 'யெலோ சாம்' என்ற குதிரை ஒரு ஹன்டிகப் பந்தயத்தில் ஓடுகிறது. பயிற்றுநர் லியம் பிரெனன். அதற்கு முன் அக்குதிரையைத் தனக்கு ஒவ்வாத தரையிலும் தன்னிலும் வல்ல குதிரைகளோடும் ஓடவிட்டார்கள். அது தோற்றுக்கொண்டே வந்தது. பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. மைதானத்தில் அதன் விலை இருபதுக்கு ஒன்று.

இங்கே ஒரு சங்கடம். பந்தயம் தொடங்கும் வேளையில் மைதானத்துப் புக்கிகளிடம் இருக்கும் விலைதான் அந்நாளில் நாடெங்குமுள்ள கடைகளுக்கும் விலையாக இருந்தது. கடைகளில் ஒரு குதிரைமீது பணம் குவிந்தால், கடைக்காரர்கள் மைதானத்துக்குத் தொலைபேசி எடுத்து அங்கும் அதே குதிரைமீது பணம் கட்டுவிப்பார்கள். விலை சரிந்துவிடும். கேர்லி பெலூஸ்ரவுணைத் தேர்ந்ததன் காரணம் இதுதான். அங்கே பொதுத் தொலைபேசி ஒன்றே ஒன்று.

பந்தயம் தொடங்க ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் இருக்கையில் கேர்லியின் நண்பர் ஒருவர் அந்தத் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்தார். வைத்தியசாலையில் உயிருக்குப் போராடும் சிற்றன்னை ஒருத்தியோடு பேசத் தொடங்கினார். அப்படி ஒரு சிற்றன்னை உலகில் இல்லை. வெளியே வரிசையில் நின்றவர்களோ, பாவம், அவர்மேல் இரக்கப்பட்டுப் பொறுத்திருந்தார்கள். அதே வேளையில் நாடெங்கும் கேர்லியின் ஆட்கள் கடை கடையாகச் சிறு சிறு தொகைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 15,000 பவுணுக்குச் சற்றுக் கூட. தன்னைக் கண்டால் புக்கிகளுக்கு ஐமிச்சம் வந்துவிடும் என்பதற்காகக் கேர்லி மைதானத்து நடுவிலிருந்த முட்பற்றைக்குள் ஒளிந்திருந்து பார்த்தார். யெலோ சாம் இரண்டரை நீளத்தால் வென்றது. ஆதாயம் 300,000 பவுணுக்கு மேல். புக்கிகள் ஆத்திரத்தில் ஒரு பவுண் தாள்களாகவே கொடுக்க, 108 பைகள் நிறைந்தனவாம். ஆனாலும் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

இதற்கு முந்திய ஆண்டு, 1974 ஓகஸ்ட்டில், இங்கிலாந்தின் கார்ட்மெல்லில் ரொனி மேர்பி என்பவரின் கூட்டத்தார் 'கே பியூச்சர்' என்ற குதிரையை ஓட்டினார்கள். அதன் உடம்பில் சவர்க்காரத் தூளைத் தேய்த்து, வியர்த்து நடுங்குகிற குதிரைபோலக் காட்டினார்கள். அதுவும் வென்றது. ஆனால் அவர்கள் குதிரைக்கு மாற்றாக வேறொரு குதிரையைக் காட்டிவைத்திருந்தார்கள். பணம் கட்டுவதற்குத் துணையாகப் பெயர் கொடுத்த இரண்டு குதிரைகளை இலாயத்தைவிட்டு அசைக்கவே இல்லை. வழக்கு நடந்து 1976இல் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு கூட்டம் பொய் செய்தது. மற்றது பொய்யைத் தொலைபேசிக் கூண்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்டது. வேறுபாடு அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

அயர்லாந்து மக்கள் கேர்லியைக் கொண்டாடினார்கள். புக்கியின் கல்லாப்பெட்டி நொறுங்கினால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? எனக்கும் அந்தச் சிற்றன்னையை நினைக்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் வேறு இருவரும் என் கண்முன் வருகிறார்கள். யெலோ சாம் ஒளிந்தோடிய நாட்களில் அதன் பெயர் பிடித்துப்போய் அதன்மீது காசு கட்டிய எளியவன் ஒருவன் இருந்திருப்பான். பெலூஸ்ரவுணில் தன் குதிரையை என்றும் ஒளிக்காமல் ஓட்டி, அதற்குரிய பாரத்தை முழுதாகச் சுமக்கவைத்து, தோற்றுப்போன உரிமையாளன் ஒருவனும் இருந்திருப்பான். ஹன்டிகப் என்ற ஏற்பாடு வாக்குக் கொடுத்தது அவனுக்குத்தான். 108 பைகளில் அவனுக்கு ஒரு தாளும் இல்லை.

கேர்லி பின்னர் தாமே பயிற்றுநரானார். 2010 மே மாதம் ஒரே நாளில் நான்கு குதிரைகளைச் சேர்த்துப் பணம் கட்டுவித்தார். மூன்று வென்றன. வென்றவற்றுள் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஓடாதிருந்தது. ஆதாயம் 40 இலட்சம் பவுணை எட்டியதாகச் சொல்லப்பட்டது. அதற்குள் அவர் வாழ்க்கையில் வேறொன்று நடந்திருந்தது. 1995இல் மகன் கார் விபத்தில் இறந்தான். மறு ஆண்டே சாம்பியா நாட்டு ஏழைகளுக்கு உதவ ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். இளமையில் குருவாவதற்குப் படித்து, காசநோயால் இடைநிறுத்தியவர் அவர். 2021 மே மாதம் காலமானார்.

அவருடைய தந்தையார் ஒரு மளிகைக் கடைக்காரர். நாய்ப் பந்தயத்தில் எல்லாவற்றையும் இழந்து, கடன் அடைப்பதற்காகப் பள்ளிப் பருவத்து மகனையும் அழைத்துக்கொண்டு மன்செஸ்ரருக்குப் போய்த் தொழிற்சாலையில் உழைத்தவர். ஊரார் அவருக்கு இட்டிருந்த பட்டப்பெயர்தான் 'யெலோ சாம்'.