ஆளில்லாத வீடும் வீடில்லாத ஆளும்



ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் ஏறிப் பட்டணத்துக்குள் போனால், கதவைச் செங்கல் வைத்து அடைத்த கடைவீடுகளைப் பார்க்கலாம். கூரையில் மரமே முளைத்திருக்கும். வெளியே அஞ்சடியில் ஒருவர் அட்டையை விரித்துப் படுத்திருப்பார். "வீடு சும்மாத்தானே கிடக்கு, அவரை உள்ளே விட்டால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டிய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்தது. ஏழைக்கு அது நிழல். வீட்டுக்காரருக்கோ ஓடு மாற்றக்கூட அந்த வாடகை காணாது, ரிப்பேர் நின்றது. 2000 ஜனவரி 1ஆம் தேதியோடு சட்டம் போயிற்று. வாடகை ஏறியது, தலைமுறையாய் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அதற்காக எல்லா வீட்டுக்கும் புது ஆள் வந்துவிடவில்லை. பழுது பார்க்கப் பணமில்லாதவர் பூட்டினார். நல்ல விலைக்குக் காத்திருந்தவரும் பூட்டினார். சிலர் சூப்புக்குக் கூடு தரும் குருவிகளைக் குடிவைத்தார்கள். குருவி வாடகை பாக்கி வைக்காது பாருங்கள்!

தோட்டத்து மக்களுக்கு இது புதுசா? தோட்டம் கைமாறினால் வேலையோடு லயத்து வீடும் போகும். இருபது வருஷம் கூட்டிப் பெருக்கிய வாசல் ஒரே நாளில் அந்நியமாகிவிடும்.

வீட்டுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. சட்டத்தை எடுக்கும்போதே, வெளியேறும் குடும்பம் எங்கே போகும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். இப்போதும் ஒரு வழி உண்டு. ரிப்பேருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கட்டும். அந்த வீட்டைச் சகாய வாடகைக்கு விடவேண்டும் என்று அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும்.