எந்திரத்துக்கு ஊரும் தெரியாது சேரியும் தெரியாது

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை பத்திப் பேசுவான்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும். மின்னஞ்சல் பற்றியும் மொழிபெயர்ப்புக் கருவிகள் பற்றியும் பேச வந்திருக்கிறேன். வங்கியில் எழுத்தர் வேலை எனக்கு. மேலிடத்திலிருந்து வருவது ஆங்கிலமும் இந்தியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பேசுவது தமிழ். நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவன் கையில் எவ்வளவு அதிகாரம் சேர்ந்துவிடுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

நான் கல்லூரியில் படித்தபோது தமிழில் அஞ்சல் அனுப்பினால் அந்தப் பக்கம் கட்டம் கட்டமாகத்தான் போய்ச் சேரும். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். 1991லேயே தமிழ் ஒருங்குறிக்குள் வந்துவிட்டது. தமிழக அரசோ 1999இல் டாப், டாம் என்று தனிக் குறியேற்றங்களை ஏற்று, 2010இல்தான் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தது. இன்று கைபேசியில் அடிக்கிற தமிழ் தில்லியிலும் தமிழாகவே தெரிகிறது. ஆனா நம்ம சிற்றிதழ்க்காரங்க சிலபேர் இன்னும் பழைய எழுத்துருவை விடல. அதை அப்படியே அஞ்சலில் ஒட்டாதீங்க, ஒருங்குறிக்கு மாத்திட்டு அனுப்புங்க.

எழுத்து போய்ச் சேர்ந்துவிட்டது. பேச்சு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011இல். மத்திய அரசின் பாஷினி 2022இல் தொடங்கப்பட்டது. இப்போது உரையாடும் செயலிகளும் மொழிபெயர்க்கின்றன. இவற்றுக்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில்லை. மொழிபெயர்ப்புக் கருவிகள் பெரும்பாலும் ஏற்கனவே இரண்டு மொழியிலும் இருக்கிற வாக்கியங்களை லட்சக்கணக்கில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. அந்த வாக்கியங்கள் எங்கிருந்து வரும்? அரசுச் செய்திக்குறிப்பு, பத்திரிகை, பைபிள், திரைப்பட வசன வரிகள். நம்ம தெருப் பேச்சை யார் இரண்டு மொழியில் எழுதி வைத்தார்கள்?

மராட்டியக் கவிஞர் ஒருவருக்கு, என்னைவிட இருபது வயது மூத்தவர், தமிழில் எழுதி எந்திரத்தில் மராத்தியாக்கி அனுப்பினேன். ‘நீங்கள்’ என்றுதான் எழுதினேன். அவருக்குப் போனது ‘தூ’. மராத்தியில் அதற்கு ‘நீ’ என்று அர்த்தம். (தமிழ்க் காதுக்கு அது வேற மாதிரி கேக்குது, அத விடுங்க.) தமிழிலிருந்து மராத்திக்குப் போகிற வழி பல கருவிகளில் ஆங்கிலத்தின் ஊடாகத்தான் போகிறது. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே சொல். மரியாதை அங்கேயே கழன்றுவிடும். அவர் பெரிய மனசு, சிரித்துக்கொண்டே பதில் போட்டார்.

அது கவிதை சமாச்சாரம். போன வருஷம் நடந்தது அப்படியில்லை.

எங்க பக்கத்து அம்மா ஒருத்தர் ஆணையத்துக்கு மனு அனுப்பணும்னு வந்தார். ஊர்த் தெருவில் சைக்கிளில் போன அவர் மகனை, நாலுபேர் பார்க்க, சாதியைச் சொல்லி, “எறங்கி நடடா” என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து ஒரு கருவியில் ஆங்கிலமாக்கினேன். வந்ததைப் படித்ததும் திக்கென்றது. ‘டா’ இல்லை, ‘இறங்கி நட’ என்ற யோசனை மட்டும் இருந்தது. சாதிப் பெயரை ஆள் பெயராக எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவை ‘அவர்’ என்று எழுதியிருந்தேன், ஆணாகிவிட்டார். ‘ஊர்’ வெறும் நகரம் ஆகியிருந்தது. ‘காலனி’ ஏதோ குடியிருப்போர் நலச்சங்கம் மாதிரி நின்றது. அந்தச் சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். எந்திரத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

யோசித்துப் பாருங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பின், பொதுப்பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது ஒரு குற்றம், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனிக் குற்றம். எந்திரம் விழுங்கியது இந்த இரண்டையும்தான். தள்ளுமுள்ளு மட்டும் மிச்சம்.

அதுக்காகக் கருவியைத் தூக்கிப் போடச் சொல்லல. ஆங்கிலம் தெரிந்த வக்கீல் வீட்டுத் திண்ணையில் காத்துக்கிடந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். மனுவை நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டுக்கு அலையவேண்டும், அஞ்சலில் தேதியும் மணியும் தானே பதிந்துவிடும். நாமதான் கவனமா இருக்கணும். தமிழில் எழுவாய் இல்லாமலே பேசிவிடுவோம், ‘வந்தாங்க, அடிச்சாங்க’ என்று. யார் வந்தது, யாரை அடித்தது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதுங்கள். திட்டிய சொல்லை மொழிபெயர்க்க விடாதீர்கள். தமிழ் ஒலியிலேயே வைத்து, அது என்ன இழிவு என்று அடுத்த வரியில் விளக்குங்கள். வந்த ஆங்கிலத்தை வேறொரு கருவியில் போட்டுத் தமிழுக்குத் திருப்பி, மனு கொடுத்தவருக்கே படித்துக் காட்டுங்கள். தமிழ் மூலத்தை மேலே வைத்து, ஆங்கிலத்தைக் கீழே வைத்து அனுப்புங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் கருவிக்குள் போகவேண்டாம், ‘மனுதாரர்’ என்று போட்டுப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம். (கணக்கு எண்ணைப் போடாதீங்க என்று வங்கிக்காரன் சொல்லாம யார் சொல்றது?)

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கினால் கருவிக்குச் சுலபம் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் அந்த அம்மா சொன்னதைத் துவைத்துக் காயப்போட எனக்கு மனசு வரவில்லை. சம்பவத்தை எழுத்துத் தமிழில் எழுதினேன், அவர் வாய்ச்சொல்லை மேற்கோளுக்குள் அப்படியே விட்டேன். திருப்பிப் படித்துக் காட்டியபோது, “இப்பத்தான் நான் சொன்னது” என்றார்.

அந்த முதல் ஆங்கிலத்தை, பெயர்களை அடித்துவிட்டு, நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கப்புறம் ஆளுக்கொன்று வாங்கிக்குங்க. எங்கெங்க போச்சுன்னு சேர்ந்து தேடுவோம்.