கத்தி இருக்கு, நூல் இருக்கா?

போன தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பினப்ப கிளாம்பாக்கத்துல நடந்த கதை இது. பஸ் எடுக்க இன்னும் பத்து நிமிஷம்தான். முதுகுப்பையோட தோள்வார் பிய்ஞ்சு போச்சு. உள்ளே ஆபீஸ் லேப்டாப்.

பாக்கெட்ல விக்டோரினாக்ஸ் ஹன்ட்ஸ்மேன் கத்தி. பெருமையா எடுத்துப் பிரிச்சேன். பிளேடு, கத்தரிக்கோல், ரம்பம்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. முதுகுப்பக்கம் குத்தூசி, அதுல நூல் கோக்கக் கண்கூட இருக்கு. கோக்கத்தான் நூல் இல்ல!

பக்கத்துல இருந்த ஒரு அம்மா, வளையல்ல மாட்டியிருந்த ரெண்டு ஊக்கைக் கழற்றி, "இந்தாப்பா, குத்திக்கோ"ன்னு கொடுத்தாங்க. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குச்சு.

அன்னைக்குப் புரிஞ்சது இதுதான். இந்த மாதிரிக் கத்தி வெட்டும், திறக்கும், முடுக்கும். ஆனா தைக்கவும் கட்டவும் தீர்ந்துபோகிற பொருள் வேணும். அதை நாமதான் ஏத்தி வைக்கணும்.

எங்கே வைக்கிறது? சுவிட்சர்லாந்துல கார்ல் எல்சனர் 1897-ல் பதிவு செஞ்ச ஆபீசர் கத்தியிலேயே ஒயின் பாட்டில் திறக்கிற கார்க் ஸ்குரூ இருந்துச்சு. நம்மில் பலருக்கு அதால வேலையே இல்ல. ஆனா அந்தச் சுருள் ஒரு நல்ல கிடங்கு. கண்ணாடி போடுறவங்க, அதுக்குள்ளேயே திருகி வைக்கிற குட்டி ஸ்குரூடிரைவரை வாங்கி மாட்டலாம். கண்ணாடி போடாதவங்க, ஒரு முழம் டென்டல் ஃப்ளாஸைச் சுருள்மேல இறுக்கமா சுத்தி மடக்கிடலாம். தையல் நூலைவிட உறுதியா இருக்கும். ரெண்டுல ஒண்ணுதான், ரெண்டும் சேர்ந்து அடங்காது.

சில மாடல்கள்ல கைப்பிடியில ஒரு குண்டூசி போகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். அதுல ஒரு குண்டூசி வச்சா சிம் டிரேயைத் திறக்கவும் உதவும். சாவி வளையத்துல ரெண்டு ஊக்கு மாட்டுங்க. அதுக்கு மேல வேண்டாம். கத்தி சரியா மடங்கலன்னா, நீங்க ஏத்தினது அதிகம்னு அர்த்தம்.

குத்தூசியால தைக்கிறப்ப ஒரு எச்சரிக்கை. இந்த மாடல்ல குத்தூசிக்குப் பூட்டு கிடையாது. பலமா அழுத்தினா விரல்மேலயே மடங்கிடும். துணியைத் தரையில வச்சு, மெதுவா திருகித் திருகி உள்ளே இறக்குங்க. பிளைட்ல போறீங்கன்னா கத்தி செக்-இன் பையிலதான் இருக்கணும். கேபின் பையில வச்சா செக்யூரிட்டியிலேயே விட்டுட்டுப் போக வேண்டியதுதான்.

கடைசியா ஒண்ணு, முக்கியமானது. எடுத்துச் செலவழிச்சதை அன்னைக்கு ராத்திரியே திரும்ப நிரப்புங்க. எனக்கும் இது சட்டுனு வரல. ஒரு தடவை பட்டன் தைக்க நூலைத் தீர்த்துட்டு, ரெண்டு மாசம் வெறும் சுருளோட சுத்தினேன்.

அந்த அம்மாகிட்ட கத்தி இல்ல. ஆனா வளையல்ல ஊக்கு எப்பவும் இருந்திருக்கு. இப்ப என் சாவிக்கொத்துலயும் ரெண்டு இருக்கு. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு பக்கத்து சீட்டுக்காரருக்கு.

உங்க கத்தியில என்ன ஏத்தி வச்சிருக்கீங்க? சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.